படம் மாட்டியாச்சு, குடையும் புடிச்சாச்சு, கடையில யாரு ராஜா?

கேள்வி:

சிஸ்டர், வணக்கம். எனக்கு 42 வயசு, மதுரையில அப்பா காலத்துல இருந்து பூ கமிஷன் கடை வச்சிருக்கோம். ஞாயிறு பூசை தவறுனதில்ல, திரு இருதய ஆண்டவர் படத்த ஃபாதர வச்சு மந்திரிச்சு ஹால்ல அரியணை ஏத்தி வச்சிருக்கோம். போன நவம்பர்ல கிறிஸ்து அரசர் பெருவிழா அன்னைக்கு முகூர்த்த நாள் வேற, கடையில சரியான கூட்டம். எங்ககிட்ட 40,000 ரூபா முன்பணம் வாங்கின ஒரு பெரியவர் பூவ பக்கத்து கடைக்கு போட்டுட்டாரு. வந்துச்சே கோபம், அவர் மருமக பக்கத்துல நிக்குது, மார்க்கெட்டே வேடிக்க பாக்குது, நான் பாட்டுக்கு கண்டபடி பேசிட்டேன். அன்னைக்கு சாயங்காலம் நற்கருணை பவனியில குடை புடிச்சிட்டு வர்றேன், எல்லாரும் கிறிஸ்து அரசர் வாழ்கன்னு சொல்றாய்ங்க, எனக்கு வாயே தொறக்கல.

அதுக்கப்பறம் நானா சில மாத்தம் பண்ணேன். கடையில வசனம் ஸ்டிக்கர் ஒட்டினேன், காலையில பக்தி பாட்டு போடறேன், கோயில் திருவிழாவுக்கு பெரிய தொகையா குடுத்தேன். ஆனா வீட்டுல என்ன சொல்லுதுன்னா, "ஹால்ல மட்டுந்தான் அவரு ராஜா, மத்த எல்லா எடத்துலயும் நீங்கதான்". பிளஸ் ஒன் படிக்கற பையன் பூசைக்கு வர மாட்டேங்கறான். லீவுல கடைக்கு வந்தவன், "வித்தது ஒரு ரேட்டு, சீட்டுல எழுதறது ஒரு ரேட்டு, அப்பறம் கோயில்ல முன்னாடி போய் நிக்கறீங்க"ன்னு எதுத்து பேசறான், செல்ல புடுங்கி வச்சிருக்கேன். சீட்டு விஷயம் எனக்கு தெரிஞ்ச நாலஞ்சு பேரு பண்றதுதான், கிலோவுக்கு பத்து இருபது குறைச்சு எழுதறது. முழுக்க முழுக்க நேர்மையா இருந்தா கடைய மூடிட்டு போகணும். கிறிஸ்து என் வாழ்க்கைய ஆளணும்னா தினசரி நான் என்னதான் பண்ணணும்?

பின்குறிப்பு: சொந்த ஊர்ல இந்த வருஷம் திருவிழா கமிட்டி தலைவர் பொறுப்பு எனக்கு வந்திருக்கு. சப்பரம் வழக்கமான பாதைதான்னு முடிவு பண்ணிருக்கோம், கீழத்தெருக்காரங்க கொஞ்சம் சலசலப்பு பண்றாங்க, அதுக்கும் சேத்து ஜெபிச்சுக்கங்க.

பதில்:

தம்பி, இந்த மாதிரி கேள்விக்கு பொதுவா "எல்லாத்தையும் அவர் பாதத்துல ஒப்புக்கொடுத்துருங்க, அவர் பாத்துப்பாரு"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும், பிரசங்கத்துல கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா மறுநாள் விடிகாலையில கடை ஷட்டர தூக்கும்போது அத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, சீட்டுல என்ன நம்பர் எழுதறதுன்னு அது சொல்லாது. அதனால நான் நேராவே கேக்கறேன், நீங்க எங்கெங்க ராஜாவா இருக்கீங்க? அதாவது உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத எடம் எது? முன்பணம் வாங்கின விவசாயி உங்கள எதுத்து பேச முடியாது. கடையில எடை போடற பையன் பேச முடியாது, பேசினா வேலை போயிரும். வீட்டம்மா பேசுறாங்க, ஆனா பேசி என்ன ஆச்சு? பையன் பேசினான், செல்லு போச்சு. அப்பறம் பின்குறிப்புல ஒரு தெரு இருக்கு. கிறிஸ்து அரசர் உங்கள ஆள்றாரா இல்லையான்னு ஹால்ல போய் தேடாதீங்க, இந்த எடத்துலதான் தேடணும். நமக்கு மேல இருக்கறவங்ககிட்ட எல்லாருமே நல்லவங்கதான் தம்பி, ஆயர் வந்தா கை கட்டி நிக்கறோம், போலீஸ்காரர் வந்தா சிரிக்கறோம். நமக்கு கீழ இருக்கறவங்ககிட்டதான் நம்ம ராஜா யாருன்னு வெளிய வரும்.

ஸ்டிக்கர், பாட்டு, அதெல்லாம் இருந்துட்டு போகட்டும், நான் குறை சொல்லல. ஆனா ஒண்ணு, உங்க கடைக்கு வர்ற விவசாயி பாதிக்கு மேல வேற சாமி கும்புடறவங்களா இருப்பாங்க, அவங்க அந்த வசனத்த படிச்சிட்டு கையில இருக்கற சீட்டையும் படிப்பாங்க.

இந்த திருவிழா எதுக்காக வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்தீங்கன்னா உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலயே இருக்கு. இது ஆதிகாலத்து திருவிழா கிடையாது. 1925 டிசம்பர் 11-ல 11-ஆம் பயஸ் பாப்பரசர் ஒரு சுற்றுமடல் எழுதி ஏற்படுத்தினது. முதல் உலகப்போர் முடிஞ்சு ஏழு வருஷம், ஜெர்மனி, ஆஸ்திரியா, ரஷ்யான்னு பெரிய பெரிய ராஜ குடும்பமெல்லாம் கவுந்து போயிருச்சு, அந்த காலி எடத்துல நான் வச்சதுதான் சட்டம்னு புது ஆளுங்க கெளம்பிட்டாங்க, பாப்பரசர் இருக்கற இத்தாலியிலயே முசோலினி. அப்ப, உங்க எல்லாருக்கும் மேல ஒருத்தர் இருக்காருப்பான்னு ஆள்றவங்களுக்கு ஞாபகப்படுத்தறதுக்கு வச்ச விழா இது. மொதல்ல அக்டோபர் மாச கடைசி ஞாயிறுல இருந்துச்சு, 1969-ல நாள்காட்டிய திருத்தினப்பதான் திருவழிபாட்டு ஆண்டோட கடைசி ஞாயிறுக்கு, அதாவது நவம்பருக்கு வந்துச்சு. ஆள்றவன் கைய கட்டறதுக்கு வந்த விழாவ நாம கொடியும் தோரணமும் கட்டற விழாவா மாத்திட்டோம், சரி அது வேற கதை. நீங்க உங்க கடையில ஆள்றவர், அதனால அன்னைக்கு கோயில்ல அந்த விழா உங்கள பாத்துதான் பேசுச்சு, உங்களுக்கு வாய் தொறக்காம போனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல, சந்தோஷம்னுகூட சொல்லுவேன்.

அன்னைக்கு வாசிக்கற நற்செய்திய கவனிச்சிருக்கீங்களா, மூணு வருஷ சுழற்சியில மாறி மாறி வரும். ஒரு வருஷம் லூக்கா 23, சிலுவையில தொங்கறாரு, பக்கத்துல இருக்கற குற்றவாளிதான் அவர ராஜான்னு கண்டுக்கறான். ஒரு வருஷம் யோவான் 18, கைய கட்டி பிலாத்து முன்னாடி நிக்க வச்சிருக்காங்க. இன்னொரு வருஷம் மத்தேயு 25, அதுல மட்டும்தான் சிம்மாசனத்துல உக்காந்திருக்காரு, ஆனா உக்காந்து என்ன கணக்கு கேக்கறாருன்னு பாருங்க, பசியா இருந்தேன் சோறு போட்டியா, தாகமா இருந்தேன் தண்ணி குடுத்தியா, ஜெயில்ல கெடந்தேன் வந்து பாத்தியா. நீ எனக்கு எத்தன பவனி எடுத்தன்னு ஒரு வார்த்த இல்ல. அவர் எங்க இருந்தாருன்னு நல்லவங்களுக்கும் தெரியல, கெட்டவங்களுக்கும் தெரியல, ரெண்டு கூட்டமும் "எப்ப ஆண்டவரே உங்கள பாத்தோம்"னு ஒரே கேள்விதான் கேக்குது. ராஜா வேஷம் மாறி கீழ உக்காந்திருக்காரு, அவ்வளவுதான்.

இப்ப அந்த பெரியவர் விஷயத்துக்கு வர்றேன். கடன விட்டுருங்கன்னு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. மத்தேயு 18-ல ஒரு கதை இருக்குல, ராஜா பத்தாயிரம் தாலந்து கடன தள்ளுபடி பண்ணி அனுப்பறாரு, ஒரு தாலந்தே ஒரு கூலிக்காரரோட கிட்டத்தட்ட 20 வருஷ சம்பளம், அத வாங்கிட்டு வெளிய வந்தவன் தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியவன கழுத்த புடிச்சு நெரிக்கறான். நம்ம எல்லாரும் இந்த 100 தெனாரியத்த ஏதோ சில்லறை காசு மாதிரி பேசிட்டு போயிருவோம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி தம்பி. இன்னைக்கு நாள் கூலி 400-ன்னு வச்சு பாருங்க, 100 நாளைக்கு கரெக்டா உங்க 40,000. நெஜமான கடன்தான் அது, இயேசு அத இல்லைன்னு சொல்லல. கழுத்த புடிச்சான் பாத்தீங்களா, அதத்தான் ராஜா விசாரிக்கறாரு.

அதனால கடன் வேற, நீங்க பேசின பேச்சு வேற. அவரு வீட்டுக்கு போங்க, போன் பண்ணாதீங்க, ஆள் அனுப்பாதீங்க. அந்த மருமக பொண்ணு இருக்கற நேரமா பாத்து போங்க, ஏன்னா அவ முன்னாடிதான் அந்த மனுஷன் தலைகுனிஞ்சு நின்னாரு. "ஐயா, அன்னைக்கு நான் பேசினது தப்பு"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கங்க, "ஆனா நீங்களும்..."னு ஆரம்பிச்சீங்கன்னா வந்ததே வீணாயிரும். அன்னைக்கு கடன் பேச்சே எடுக்கக்கூடாது, அத இன்னொரு நாள் கடையில உக்காந்து தவணை போட்டு பேசிக்கலாம். முடிஞ்சா ஒண்ணு மட்டும் கேளுங்க, ஏன் பூவ மாத்தி போட்டீங்கன்னு. எனக்கென்னவோ அவரு சொல்லப்போற பதில் உங்க பையனுக்கு ஏற்கனவே தெரியும்னு தோணுது.

சீட்டு. நீங்க இத பத்து இருபதுன்னு ரொம்ப லேசா எழுதிட்டீங்க, நான் கொஞ்சம் கணக்கு போட்டு பாத்தேன், ஏன்னா எங்க வீடும் தோட்டக்காரங்க வீடுதான், நெலக்கோட்டை பக்கம், விடியறதுக்கு முன்னாடி டார்ச் லைட்ட தலையில கட்டிட்டு மொட்டு பறிக்கறத நான் பாத்து வளந்தவ. ஒரு வீட்டுல இருந்து தினம் 5 கிலோ வருதுன்னு வைங்க, கிலோவுக்கு 20 குறைச்சா 100 ரூபா, மாசத்துக்கு 3,000. அது காலேஜ் போற ஒரு பிள்ளையோட பஸ் காசும் சாப்பாட்டு காசும். இதுல ஈரம்னு ஒரு கழிவு, சாக்கு எடைன்னு ஒரு கழிவு, அப்பறம் கமிஷன் தனி. மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு கெடச்சுச்சு, பேரு ஊரெல்லாம் போகுது, ஆனா மொட்ட பறிச்ச கைக்கு வர்ற காசு அந்த துண்டு சீட்டுல நீங்க எழுதற நம்பர்தான். அந்த நம்பர சரிபாக்க அவங்களால முடியாது, அவங்க பூவ எறக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிருவாங்க, எந்த வியாபாரிக்கு என்ன ரேட்டுக்கு போச்சுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். யாரும் பாக்காத எடத்துல பேனா உங்க கையில இருக்கு, நான் சொன்னேன்ல, மறுபேச்சு இல்லாத எடம்னு, இதவிட அது வேற எங்கயும் இல்ல.

விவிலியத்துல இத பேசினவரு ஆமோஸ்ங்கற இறைவாக்கினர். அவரு குரு குடும்பம் கிடையாது, தெக்கோவாங்கற ஊர்ல ஆடு மேய்ச்சுட்டு காட்டு அத்திப்பழம் பக்குவம் பண்ணிட்டு இருந்த ஆளு, அதாவது உங்க கடைக்கு மூட்டையோட வந்து எறங்கறவங்க மாதிரி ஒரு ஆளு. எட்டாம் அதிகாரத்த எடுத்து படிங்க, ஓய்வு நாள் எப்ப முடியும், எப்ப கடைய தொறந்து அளவ சுருக்கி காச பெருக்கலாம்னு கோயில்ல உக்காந்து யோசிக்கற வியாபாரிங்களத்தான் அவரு கிழிக்கறாரு. அவங்க கோயிலுக்கு வராதவங்க இல்ல, வந்தவங்கதான்.

இனிமே என்ன பண்றது? நாளையில இருந்து வித்த ரேட்டயே சீட்டுல எழுதுங்க. எல்லாருக்கும் ஒரே நாள்ல பண்ண முடியலைன்னா முன்பணம் வாங்கினவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க, அவங்கதான் வேற கடைக்கு போக வழியில்லாம உங்கள நம்பி நிக்கறவங்க. கமிஷன் கட்டுபடி ஆகலைன்னா தயங்காம கமிஷன ஏத்துங்க, நேரா மூஞ்சிய பாத்து சொல்லுங்க, எனக்கு எடை கூலி இவ்வளவு, வாடகை இவ்வளவு, அதனால இனிமே இவ்வளவுன்னு. பிடிக்கலைன்னா அவங்க பேரம் பேசட்டும், அதுக்கு அவங்களுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கும். மறைச்சு எடுக்கறதுக்கும் கேட்டு வாங்கறதுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு.

பழசு? அதையும் விட முடியாது, மன்னிச்சுக்கங்க. ஒப்புரவு அருட்சாதனத்துல, அதாவது பாவசங்கீர்த்தனத்துல, சொல்லிட்டா கடவுள் மன்னிப்பாரு, ஆனா எடுத்தத எடுத்தவங்ககிட்டயே திருப்பி குடுக்கணும்ங்கறது திருச்சபையோட மறைக்கல்வி தெளிவா சொல்ற விஷயம். லேவியர் சட்டத்துல முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்து குடுக்க சொல்லிருக்கு, நற்செய்தியில வர்ற வரி வசூல்காரரு சக்கேயு அதையும் தாண்டி நாலு மடங்குன்னு போயிட்டாரு, உங்கள நான் நாலு மடங்கு கேக்கல. பழைய நோட்டு இருக்கும்ல, ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் உக்காந்து ஒரு தோராய கணக்கு போடுங்க. முன்பணம் நிக்கறவங்களுக்கு கடன்ல கழிச்சு விடுங்க, மத்தவங்களுக்கு பில்லுல கொஞ்சம் கொஞ்சமா சேத்து குடுங்க, எறந்து போயிருந்தா குடும்பத்துக்கு, ஆளே தெரியலைன்னா ஏழைங்களுக்கு. அந்த கடைசி வழிய மொத வழியா புடிச்சுக்காதீங்க. திருவிழாவுக்கு பெரிய தொகை குடுத்தேன்னு எழுதிருக்கீங்க, தம்பி, அது யாரு காசு? விவசாயி பூவுல எடுத்தத கோயில் மைக்ல உங்க பேரு சொல்ல வச்சு குடுத்தா கணக்கு தீராது. இத வாங்கற நாங்களும் கேக்கறதில்ல, அது எங்க பக்கத்து தப்பு.

கடைய மூட வேண்டியதுதான்னு சொல்றீங்க. இங்க நான் உங்களுக்கு பொய் சொல்ல விரும்பல. நேர்மையா இருந்தா ஆசீர்வாதம் கொட்டும், வியாபாரம் ரெண்டு மடங்காகும்னு சிலர் டிவியில பேசுவாங்க, அப்படி எந்த வாக்குறுதியும் என்கிட்ட இல்ல. வருமானம் குறையலாம். ஆனா மூடற அளவுக்கு போகும்னு நீங்க சொல்றது எனக்கு பயம் பேசற பேச்சா தெரியுது, இப்ப ஒவ்வொருத்தர் கையிலயும் போன் இருக்கு, பத்து மணிக்குள்ள எந்த கடையில என்ன ரேட்டுன்னு வாட்ஸப்புல ஊரெல்லாம் போயிருது, வித்த வெல எழுதற கடைன்னு ஒரு பேரு வந்தா விவசாயி தேடி வருவாரு, அது நடக்கலாம், நடக்காமயும் போகலாம். இந்த பக்கத்துல, போர்ச்சுகல்ல இருந்து வந்த சேசு சபை சாமியார் அருளானந்தர் கதை எல்லாருக்கும் தெரியும், 1693 பிப்ரவரி 4-ல ஓரியூர்ல தலைய வெட்டினாங்க. ஆனா அது எதுல இருந்து ஆரம்பிச்சுச்சுன்னு பிரசங்கத்துல வேகமா தாண்டிருவாங்க. மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்கு வாங்கறதுக்கு முன்னாடி, பல மனைவிங்கள்ல மொத மனைவிய மட்டும் வச்சுக்கணும்னு சொன்னாங்க, அவரும் சரின்னு மத்தவங்கள விலக்கிட்டாரு, அதுல ஒருத்தங்க ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு நெருங்கின உறவு, அங்க இருந்துதான் வெனை. (விலக்கப்பட்ட அந்த பொம்பளைங்க பக்கம் நின்னு யோசிச்சா எனக்கு இந்த கதையில ஒரு உறுத்தல் எப்பவும் உண்டு, அத இன்னொரு நாள் பேசலாம்.) நான் இங்க சொல்ல வர்றது என்னன்னா, அந்த திருமுழுக்கு நெத்தியில தண்ணி ஊத்தறதோட நிக்கல. வீட்டுக்குள்ள, சொத்து பத்துக்குள்ள, உறவுக்குள்ள அது எறங்கினப்பதான் தல போற அளவுக்கு பிரச்சன வந்துச்சு. உங்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினப்ப எந்த நஷ்டமும் வரல பாத்தீங்களா.

பையன் விஷயத்துல நான் முழுக்க அவன் கட்சி. பிளஸ் ஒன் படிக்கற பையன் அப்பா சீட்டையும் அப்பா ஜெபத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்து, இது ரெண்டும் ஒட்டலையேன்னு சொல்லிருக்கான். ஆமோஸ் சொன்னத சொன்னான், நீங்க செல்ல புடுங்கிட்டீங்க. விசுவாசம் இல்லாத பையன் இத கவனிக்கவே மாட்டான் தம்பி, அவனுக்கு என்ன, காசு வந்தா சரின்னு போயிருப்பான். யோவான் 6-ல அஞ்சு அப்பம் பலுகின அன்னைக்கு கூட்டம் இயேசுவ புடிச்சு இழுத்துட்டு போய் ராஜாவாக்க பாக்குது, அவரு தனியா மலைக்கு போயிடறாரு. கட்டாயப்படுத்தி முடி சூட்டறத அவரே ஏத்துக்கல, நீங்க பையன கட்டாயப்படுத்தி அவர்கிட்ட இழுத்துட்டு போறீங்க. செல்ல இன்னைக்கே திருப்பி குடுத்துருங்க, பூசைக்கு வந்தாத்தான்னு பேரம் பேசாம குடுங்க. "நீ சொன்னது சரி, சீட்ட மாத்தறேன்"னு சொல்லுங்க, சொல்லிட்டு மாத்துங்க. அவன் கணக்குல நல்ல பையன்னா பழைய நோட்டு கணக்கையே அவன்கிட்ட குடுத்து போட சொல்லுங்க. அதுக்கப்பறமும் பூசைக்கு வராம போகலாம், அதுக்கு காலம் ஆகும், விடுங்க.

வீட்டம்மா சொன்ன வார்த்தய வச்சு அவங்ககிட்டயே ஒரு நாள் உக்காந்து கேளுங்க, எந்த எந்த விஷயத்துல நான் உன்ன கேக்காம முடிவு பண்றேன்னு. பதில் வரும்போது நடுவுல பேசாதீங்க. ஆண்டவர் திருச்சபைக்கு தல, புருஷன் வீட்டுக்கு தலன்னு ஒரு வசனத்த எடுத்துட்டு வந்து கிறிஸ்து அரசரோட துணை அரசர் நாந்தான்னு வீட்டுக்குள்ள உக்காந்துக்கற ஆம்பளைங்கள கவுன்சிலிங்ல நான் நெறைய பாக்கறேன், நீங்க அப்படின்னு சொல்லல, ஆனா பவுல் அதே எடத்துல அந்த தல தன்னையே கையளிச்ச தலன்னு எழுதிருக்காரு, அந்த வரிய மட்டும் யாரும் எனக்கு மனப்பாடமா சொல்லி காமிச்சதில்ல.

தினசரி என்ன பண்ணணும்னு கேட்டீங்கல்ல, புதுசா ஜெபம் எதுவும் சேக்க வேண்டாம். காலையில வியாபாரம் ஓஞ்சு, சாக்கெல்லாம் மடிச்சு, கணக்கு முடிக்கற நேரத்துல அஞ்சு நிமிஷம் உக்காருங்க. சேசு சபைய ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் சொல்லிக்குடுத்த ஆன்ம சோதனைதான், அன்னைக்கு நடந்தத திரும்பி பாக்கறது, சேசு சபை சாமியார்ங்க இந்த மதுரை மிஷன்ல காலங்காலமா சொல்லிட்டு இருக்கறது, ஆனா நீங்க ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டா போதும்: இன்னைக்கு எனக்கு பதில் பேச முடியாத யாருகிட்ட நான் எப்படி நடந்துகிட்டேன்? ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். எடை போடற பையனா இருக்கலாம், விடிகாலையில இருந்து நிக்கறவன், அவனுக்கு ஒரு ஸ்டூல் இருக்கான்னு கேட்டுக்கங்க. மறுநாள் அந்த ஒருத்தர்கிட்ட சரி பண்ணுங்க. பட்டியல் போடாதீங்க, பட்டியல் போடறவங்க ரெண்டாவது வாரம் விட்டுருவாங்க.

இப்ப பின்குறிப்பு. நீங்க இத ஜெபிச்சுக்க சொல்லி ஒரு வரியில எழுதிட்டீங்க, எனக்கு உங்க லெட்டர்லயே பெரிய விஷயம் இதுதான். வழக்கமான பாதைன்னா என்னன்னு நமக்கு தெரியாதா தம்பி. சப்பரம் கீழத்தெருவுக்குள்ள போகாது, கீழத்தெருன்னா தலித் மக்கள் தெருன்னும் தெரியும். அங்கயும் அதே புனிதர், அதே ஞானஸ்நானம், வரி மட்டும் தலைக்கட்டுக்கு சமமா வாங்கறீங்களா இல்ல அதுவும் வாங்கறதில்லையா, ரெண்டுமே அசிங்கம்தான்.

உங்களுக்கு திருமுழுக்கு குடுத்தப்ப ஃபாதர் தலையில கிறிஸ்மா தைலம் பூசினாரு, கிறிஸ்துவோட குருத்துவத்துலயும் இறைவாக்குலயும் அரசத்துவத்துலயும் உனக்கு பங்கு உண்டுன்னு சொல்லி. அந்த தைலம் எங்க இருந்து வருதுன்னு தெரியுமா, வருஷத்துக்கு ஒரு தடவ புனித வாரத்தையொட்டி பேராயர் எல்லா குருக்களையும் கூட்டி வச்சு ஒரே பாத்திரத்துல மந்திரிச்சு, அதுல இருந்துதான் எல்லா பங்குக்கும் போகுது. உங்க தலையில தடவின எண்ணெயும் கீழத்தெருவுல பொறந்த பிள்ளை தலையில தடவின எண்ணெயும் ஒண்ணு. அவங்களும் ராஜாங்கதான், எந்த கமிட்டியும் கூடி அத முடிவு பண்ணல. அப்பறம் எந்த தெருவுக்கு சாமி போகலாம், எதுக்கு போகக்கூடாதுன்னு முடிவு பண்ற அதிகாரம் கமிட்டிக்கு யாரு குடுத்தா? ராஜா இங்க வரலாம், அங்க போகக்கூடாதுன்னு காவல்காரன் சொல்றதா?

1939 ஜூலை 8-ல இதே மதுரையில வைத்தியநாத ஐயர், கக்கன் உட்பட, அதுவரைக்கும் கோயிலுக்குள்ள விடாம வச்சிருந்த சாதிக்காரங்க சில பேர கூட்டிட்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள போனாரு. எவ்வளவு எதிர்ப்பு, எவ்வளவு ஏச்சு. அது நடந்து எத்தன வருஷம் ஆச்சுன்னு எண்ணி பாருங்க. அரசியல் சட்டத்தோட 17-வது பிரிவு தீண்டாமைய ஒழிச்சாச்சுன்னு சொல்லி அதுக்கும் 70 வருஷத்துக்கு மேல ஆகுது. நம்ம, எல்லாரும் ஒரே அப்பத்துல பங்கு வாங்கறவங்க, இன்னும் சப்பரம் திரும்பற முக்குல நிக்கறோம். எனக்கு இத எழுதும்போதே கை சூடாகுது, சரி.

ஆனா ஒரு எச்சரிக்க. வேகத்துல போய் கூட்டத்துல ஒரு பிரசங்கம் பண்ணிட்டு, சப்பரம் கீழத்தெருவுக்கு போகும்னு அறிவிச்சுட்டு, ராத்திரி மதுரைக்கு பஸ் ஏறிராதீங்க. நீங்க கெளம்பிருவீங்க, ஊர்ல அடி வாங்கறது அவங்க. மொதல்ல பங்கு சாமியார பாத்து தனியா பேசுங்க, அவருக்கும் ஊர் பயம் இருக்கும், அவர் கூட ஒருத்தர் நிக்கறாருன்னு தெரிஞ்சா சில நேரம் தைரியம் வரும். அப்பறம் கீழத்தெருவுக்கு போங்க, யாரு வீட்டு திண்ணையிலயாவது உக்காருங்க, டீ குடுத்தா குடிங்க, வீட்டம்மாவையும் கூட்டிட்டு போங்க. அவங்க என்ன கேக்கறாங்கன்னு கேளுங்க, சலசலப்புன்னு நீங்க எழுதினது அவங்க வாயில இருந்து கேட்டா வேற மாதிரி இருக்கும். சப்பரம் வரணும்னு கேக்கறாங்களா, கமிட்டியில எடம் கேக்கறாங்களா, இல்ல பொது கல்லறை மாதிரி இன்னும் பெரிய விஷயம் இருக்கா, நாமளா ஒண்ண முடிவு பண்ணி பிச்ச போடற மாதிரி குடுக்கக்கூடாது. பாதுகாப்புக்கு என்ன வேணும்னும் அவங்கள கேட்டே முடிவு பண்ணுங்க, தேவப்பட்டா ஃபாதர் மூலமா மறைமாவட்டத்துக்கும் தாசில்தாருக்கும் முன்னாடியே எழுத்துல போகட்டும்.

அதுக்கப்பறம் கமிட்டிய கூட்டுங்க, அவங்கள்ல ரெண்டு பேரு அந்த கூட்டத்துல நாற்காலியில உக்காந்திருக்கணும். உங்க சித்தப்பா பெரியப்பாவே எந்திரிச்சு கத்துவாங்க, பொண்ணு குடுக்கறது எடுக்கறது வரைக்கும் பேச்சு போகும், அதுக்கு தயாரா போங்க. ஓட்டுல தோத்துட்டீங்கன்னா தலைவர் பொறுப்ப எழுதி குடுத்துருங்க, அந்த வருஷம் சப்பரத்துக்கு முன்னாடி நடக்காதீங்க, திருவிழா பூசைக்கு போய் கீழத்தெருக்காரங்க உக்கார்ற பக்கம் உக்காருங்க. ஜெயிச்சா பாதைய நோட்டுல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க, அடுத்த வருஷ கமிட்டி மறுபடி வழக்கம்னு ஆரம்பிக்க விடாதீங்க. கூட்டம் எந்த தேதின்னு நீங்க எழுதல, தெரிஞ்சதும் சொல்லுங்க, ஃபாதர்கிட்ட பேசும்போது நானும் வரணும்னா மதுரையில இருந்து வர்றதுக்கு எனக்கு ஒண்ணும் சிரமமில்ல.